முட்டிக்கு கிரீஸ் அடிக்கிறாங்களாம்!

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டுறவன். படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கிறது சாஃப்ட்வேர், அதனால ரெண்டுமே அரைகுறைன்னு எங்க வீட்டுல ஒரு கருத்து உண்டு. இதைப் படிச்சுட்டு யாரும் மருந்தை நிறுத்தாதீங்க, ஆரம்பிக்காதீங்க. இது ஆலோசனை இல்லை, சுத்தமான வயித்தெரிச்சல்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம். அம்மா அரசுப் பள்ளியில டீச்சர். வயசு 57, ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம் இருக்கு. முப்பது வருஷமா நின்னுக்கிட்டே பாடம் நடத்தின கால், இப்ப ரெண்டு முட்டியும் தேய்மானம். படி இறங்கும்போது சுவரைப் பிடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல, நண்டு மாதிரி இறங்குறாங்க. அம்மா பாடம் எடுக்கற வகுப்பு இருக்கறதோ மாடியில. ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்கணும்.

முறுக்கு சுட்டுக்கிட்டே மெதுவா ஆரம்பிச்சாங்க. "எய்யா, டவுன்ல ஒரு ஆஸ்பத்திரியில முட்டிக்கு ஊசி போடுதாங்களாம். ஒரு காலுக்கு மூணு ஊசி. ரெண்டு காலுக்கும் சேத்து எழுவத்திரெண்டாயிரம் ஆவுமாம். ஒனக்கு கஷ்டமா இருந்தா வேண்டாம்யா."

இந்தக் கடைசி வரி இருக்கே, அதைக் கேட்டுட்டு எந்த மகன் "வேண்டாம்"னு சொல்லுவான்? அடுத்த நாளே கூட்டிட்டுப் போனேன்.

ஆஸ்பத்திரி பேரு வேண்டாம். உள்ளே நுழைஞ்சதும் ஒரு பெரிய படம். முழங்காலை ரெண்டு பல்சக்கரமா வரைஞ்சு, மேலேர்ந்து எண்ணெய் சொட்டுற மாதிரி. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தது ரெண்டு நிமிஷம் இருக்கும். அப்புறம் 'கவுன்சிலர்'னு ஒரு அம்மணிகிட்ட அனுப்பி வச்சார். அவங்க கையில ஓட்டல் மெனு மாதிரி லேமினேட் பண்ணின அட்டை. முதல் ரகம் ஸ்டீராய்டு, விலை கம்மி. ரெண்டாவது ஜெல், அதாவது ஹையலூரானிக் ஆசிட். மூணாவது பி.ஆர்.பி. நம்ம ரத்தத்தையே எடுத்து, மெஷின்ல சுத்தி, தட்டணுக்கள் அதிகமா இருக்கற பகுதியை மட்டும் பிரிச்சு, திரும்ப முட்டிக்குள்ள குத்துறது. வெள்ளி, தங்கம், வைரம்னு பேர் வைக்காததுதான் குறை.

"சைக்கிள் செயினுக்கு கிரீஸ் போடுறோம்ல சார், அது மாதிரிதான் ஜெல். ஆனா பி.ஆர்.பி.தான் பெஸ்ட்டு. குருத்தெலும்பு மறுபடி வளரும். பத்து வருஷத்துக்கு ஆபரேஷன் பக்கமே போக வேண்டாம்."

நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "மேடம், வெறும் உப்புத்தண்ணி ஊசி போட்டுப் பார்த்தவங்களை விட இது எவ்வளவு நல்லா வேலை செஞ்சிருக்கு?"

அதுக்கு அந்த அம்மணி முகம் சிவந்து சொன்ன பதில்: "சார், நாங்க உப்புத்தண்ணி எல்லாம் போடுறதே இல்ல சார். இங்க எல்லாமே ஒரிஜினல்!"

அவ்வ்வ்வ்வ்.

சிரிப்பா இருந்தாலும், மொத்த மேட்டரும் அந்தப் பதில்லதான் இருக்கு மக்களே. முட்டி வலிங்கறது ஒரே சீரா இருக்கற வலி இல்லை. ஏறும், இறங்கும். நாம எப்ப டாக்டர்கிட்ட ஓடறோம்? ஏறி உச்சத்துல நிக்கும்போது. அன்னைக்கு ஊசி போட்டாலும் சரி, வேப்பிலை அடிச்சாலும் சரி, ஒரு மாசத்துல கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ராத்திரி சர்வர்ல லோடு உச்சத்துல இருக்கறப்ப ரீஸ்டார்ட் பண்ணிட்டு, காலையில "பார்த்தீங்களா, சரி பண்ணிட்டேன்"னு மெயில் அனுப்புற ஆசாமி எல்லா டீம்லயும் ஒருத்தன் இருப்பானே, அந்தக் கதைதான். இதோட இன்னொண்ணும் சேருது. ஊசிங்கற சடங்குக்கே ஒரு பலம் உண்டு. வெறும் மாத்திரைங்கற பேர்ல குடுக்கற பொய் மாத்திரையை விட, முட்டிக்குள்ள போடற பொய் ஊசிக்கு வலி அதிகமாவே குறையுதுன்னு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவங்க சொல்றாங்க. அதனால "ஊசி போட்டேன், வலி குறைஞ்சுது"ங்கறது ஒண்ணுத்தையும் நிரூபிக்காது. உப்புத்தண்ணியைத் தாண்டி எவ்வளவு குறைஞ்சுதுங்கறதுதான் கேள்வி.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடினேன். ஆபீஸ்ல ஆணி புடுங்கறதுல பாதி கூகுள்தானே, நமக்கு அது கைவந்த கலை.

வைரத்துலேர்ந்தே ஆரம்பிப்போம். ஆஸ்திரேலியாவுல 288 பேரை வச்சு ஒரு சோதனை பண்ணினாங்க, 2021ல ஜாமா இதழ்ல வந்தது. பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., மீதிப் பேருக்கு உப்புத்தண்ணி, வாரத்துக்கு ஒண்ணா மூணு ஊசி. எங்கம்மாவுக்குச் சொன்ன அதே மூணு. யாருக்கு எது போச்சுன்னு அவங்களுக்கே தெரியாது. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, பத்துக்கு எவ்வளவுன்னு சொல்ற வலிக் கணக்குல பி.ஆர்.பி. ஆட்களுக்கு 2.1 குறைஞ்சிருக்கு. உப்புத்தண்ணி ஆட்களுக்கு 1.8. வித்தியாசம்னு சொல்லிக்கற அளவுக்கு இல்லை. சரி, குருத்தெலும்பு வளர்ந்துச்சா? எம்.ஆர்.ஐ. எடுத்து அளந்தாங்க. பி.ஆர்.பி. பக்கம் 1.4% குறைஞ்சிருக்கு, உப்புத்தண்ணி பக்கம் 1.2% குறைஞ்சிருக்கு. வளர்றதாவது, ரெண்டு பக்கமும் தேஞ்சுதான் போயிருக்கு.

நியாயமா எதிர்த்தரப்பையும் சொல்லிடறேன். "அந்தச் சோதனையில தட்டணு அளவு பத்தலை, இன்னும் அடர்த்தியா குடுத்தா வேலை செய்யும்"னு பி.ஆர்.பி. ஆதரவாளர்கள் வாதாடறாங்க. இருக்கலாம் சாமி. நான் இல்லைன்னு சொல்லலை. எந்த அளவு வேலை செய்யும்னு இன்னும் சண்டை ஓடிட்டிருக்கற ஒரு சமாச்சாரத்துக்கு, லேமினேட் அட்டையில விலை மட்டும் எப்படி இவ்வளவு உறுதியா வந்து உட்கார்ந்துச்சு? நாங்க பீட்டா வெர்ஷனை காசு வாங்காமதான் குடுப்போம்.

அடுத்தது ஜெல். இதோட பூர்வீகம் சுவாரஸ்யமானது. ஹையலூரானிக் ஆசிடை 1934ல மாட்டுக் கண்ணுலேர்ந்து பிரிச்செடுத்தாங்க. அப்புறம் சேவல் கொண்டையில நிறைய இருக்குன்னு தெரிஞ்சு அதுலேர்ந்து எடுத்தாங்க. ஆரம்பத்துல முட்டி சோதனை நடந்தது பந்தயக் குதிரைங்களுக்கு. மனுஷ முட்டிக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது 1997ல. அதுவும் மருந்துங்கற வகையில இல்லை, கருவிங்கற வகையில.

இந்த கிரீஸ் கதையைப் பத்தி மட்டும் ஒரு மெக்கானிக்கல்காரனா கொஞ்சம் பேசியே ஆகணும். பேரிங்குக்கு கிரீஸ் போட்டா அது அங்கேயே தங்கும், அதான் கிரீஸோட வேலையே. முட்டிக்குள்ள போடற ஜெல் தங்காது. உடம்பு அதை உறிஞ்சி, சில நாள்லயே காலி பண்ணிடும். அப்புறம் ஆறு மாசம் எதை வச்சு வழுக்குது? தவிர முட்டித் தேய்மானங்கறது ரெண்டு இரும்பு உரசித் தேயற கதையும் இல்லை. குருத்தெலும்புல நரம்பே கிடையாது, அது தேஞ்சா அதுக்கு வலிக்கத் தெரியாது. வலி வர்றது அடியில இருக்கற எலும்பு, சுத்தி இருக்கற சவ்வு, வீக்கம், பலவீனமான தசை இதுலேர்ந்தெல்லாம்தான். எக்ஸ்ரேயில முட்டி நாசமா இருக்கும், ஆள் பழனி படி ஏறிட்டு வருவார். எக்ஸ்ரே சுமாரா இருக்கும், ஆள் பாத்ரூம் போகவே அழுவார். படத்துல இருந்த அந்தப் பல்சக்கரத்தை வரைஞ்சவரைப் பிடிச்சு ஒரு அரியர் போடணும்.

ஜெல்லுக்கு கணக்கு வேணுமா? 2022ல பி.எம்.ஜே. இதழ்ல 169 சோதனைகள், 21,000 பேருக்கு மேல, எல்லாத்தையும் சேர்த்து அலசினாங்க. பெரிய, ஒழுங்கா நடந்த சோதனைகளை மட்டும் எடுத்துக்கிட்டா, 100 மில்லிமீட்டர் கோட்டுல வலியைக் குறிக்கச் சொன்னா பொய் ஊசியை விட ஜெல் கூடுதலா குறைச்சது 2 மில்லிமீட்டர். ரெண்டே ரெண்டு! பென்சில் முனை மழுங்கியிருந்தா அதுலயே போயிடும். பக்கவிளைவு என்னமோ ஜெல் பக்கம் அதிகமா இருந்திருக்கு. இங்கிலாந்தோட நைஸ் அமைப்பு 2022ல வெளியிட்ட வழிகாட்டியில ஜெல் ஊசியைக் குடுக்காதீங்கன்னே சொல்லிட்டாங்க. அமெரிக்க மூட்டு மருத்துவர்கள் சங்கம் 2019லயே பி.ஆர்.பி., ஸ்டெம் செல் ரெண்டையும் கடுமையா எதிர்த்திருக்கு. "டாக்டருங்களைத் திட்டாதே"ன்னு கொடி பிடிச்சு வரப்போறவங்க கவனிக்கணும், இதெல்லாம் டாக்டர்களே உட்கார்ந்து எழுதினது. நான் அவங்க பக்கம்தான் நிக்கறேன்.

ஸ்டெம் செல் சமாச்சாரத்தை ரெண்டு வரியில முடிச்சுக்கறேன். 2023ல வந்த ஒரு பெரிய அமெரிக்கச் சோதனையில மூணு விதமான செல் ஊசிகளை ஸ்டீராய்டோட மோத விட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு எதுவும் ஸ்டீராய்டைத் தாண்டலை. லட்சக்கணக்குல கேட்டா, எந்திரிச்சு வந்துடுங்க.

இப்ப ஸ்டீராய்டு. இங்கதான் என் குற்றவாளிக் கூண்டும் இருக்கு.

அதுக்கு முந்தின வருஷம் அம்மாவுக்கு வலது முட்டி வீங்கியிருந்துச்சு. வேற ஒரு கிளினிக். போன்ல "ஊசி போடணுமாம்யா"ன்னாங்க. நான் மீட்டிங்ல இருந்தேன். "எவ்ளோம்மா?"ன்னு கேட்டேன். கவனிங்க, "என்ன ஊசி?"ன்னு கேட்கலை, "எவ்ளோ?"ன்னு கேட்டேன். பணத்தை போன்லயே அனுப்பிட்டு மீட்டிங்ல மறுபடி மைக்கை ஆன் பண்ணிட்டேன். மொத்தம் ஒரு நிமிஷம்.

ரெண்டு நாள் கழிச்சு அம்மாவுக்கு தலைசுத்தல், நாக்கு வறட்சி. வீட்டு மெஷின்ல சர்க்கரை பார்த்தா 340. எட்டு வருஷமா மாத்திரை போட்டு, சோத்தை அளந்து சாப்பிட்டு கட்டுப்பாட்டுல வச்சிருந்தவங்க. தீபாவளிக்குக் கூட ஒரு அதிரசத்தைப் பிச்சு பாதிதான் தின்பாங்க. "நான் ஒண்ணும் திங்கலைய்யா, சத்தியமா"ன்னு போன்ல என்கிட்ட நிரூபிக்கப் பார்த்தாங்க. நானும் "ஸ்கூல்ல யாராவது பர்த்டே சாக்லேட் குடுத்தாங்களா"ன்னு விசாரணை பண்ணினேன். இதை எழுதறப்ப கூட கூசுது.

பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தது இந்தத் தீபாவளிக்குத்தான். 'ட்ரையாம்சினோலோன் 40 மி.கி.'ன்னு இருந்துச்சு. ஸ்டீராய்டு. முட்டிக்குள்ள போட்டாலும் கொஞ்சம் ரத்தத்துல கலந்து, சர்க்கரை நோயாளிகளுக்கு சில நாளைக்கு சர்க்கரையைத் தூக்கி விடும். இது ரகசியம் இல்லை, மருத்துவ உலகத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். "அம்மா, உங்களுக்கு சுகர் இருக்கு, ஒரு வாரம் அடிக்கடி டெஸ்ட் பண்ணிப் பாருங்க"ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அஞ்சு செகண்டு. சொல்லலை. அம்மா ஒரு வருஷமா அதை 'ஜெல் ஊசி'ன்னே நெனச்சிட்டிருந்தாங்க.

ஸ்டீராய்டு மோசம்னு சொல்ல வரலை. வீங்கி, சூடா, நடக்கவே முடியாம இருக்கறப்ப அந்த ஒரு ஊசி சில வாரங்களுக்கு நிஜமாவே உதவும். விலையும் கொள்ளை இல்லை. அந்தச் சில வாரத்தை வச்சு உடற்பயிற்சியை ஆரம்பிச்சுக்கோங்கன்னுதான் நைஸ்காரங்களும் சொல்றாங்க. தப்பு எங்க நடக்குதுன்னா, மூணு மாசத்துக்கு ஒருதடவை ரீசார்ஜ் மாதிரி போட்டுக்கிட்டே இருக்கறதுல. அப்படியே 140 பேருக்கு, ரெண்டு வருஷம், மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு போட்டுப் பார்த்த சோதனை 2017ல ஜாமாவுல வந்தது. வலியில உப்புத்தண்ணிக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பு மட்டும் ஸ்டீராய்டு பக்கம் 0.21 மி.மீ. தேஞ்சிருந்துச்சு, உப்புத்தண்ணி பக்கம் 0.10. தவிர, முட்டி மாத்துற ஆபரேஷனுக்கு முன்னாடி மூணு மாசத்துக்குள்ள இந்த ஊசி போட்டிருந்தா தொற்று ஆபத்து கூடும். "ஆபரேஷன் வரைக்கும் இதை வச்சு ஓட்டுங்க"ன்னு போடறவங்க இதையும் சேர்த்துச் சொல்லணுமா இல்லையா?

ஆபரேஷன்னதும் ஞாபகம் வருது. 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசு செயற்கை முட்டிக்கு உச்ச விலை வச்சுச்சு. அதிகம் பயன்படுத்தற கோபால்ட் குரோமியம் வகைக்கு வரி நீங்கலா 54,720 ரூபாய். அதுக்கு முன்னாடி அதைப்போல ரெண்டு மடங்குக்கும் மேல வாங்கிட்டிருந்தாங்க. உலோகத்துல செஞ்ச முட்டிக்கு உச்ச விலை உண்டு. அம்மாவோட சொந்த ரத்தத்தை எடுத்து அம்மாவுக்கே திருப்பிக் குத்துறதுக்கு எம்.ஆர்.பி. எங்க ஒட்டுவாங்க? இரத்தப் பையிலயா?

"எங்க மாமாவுக்கு ஜெல் போட்டு ஜம்முனு நடக்கறாரே"ன்னு ஒருத்தர் கட்டாயம் வருவார். சந்தோஷம். மாமா நல்லா இருக்கட்டும். போடாமலே ஜம்முனு ஆன மாமாக்களை யாரும் எண்ணறதில்லை, அவங்களுக்கு பில் இல்லையே.

அப்ப என்னதான் பண்றதுன்னு கேட்பீங்க. இதுதான் யாருக்கும் பிடிக்காத பகுதி. 2020ல நியூ இங்கிலாந்து ஜர்னல்ல ஒரு சோதனை. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகள்ல 156 பேர். பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு ஊசி, பாதிப் பேருக்கு பிசியோதெரபி. வலியும் முடக்கமும் சேர்த்து 240 வரைக்கும் போற மதிப்பெண், குறைவா இருந்தா நல்லது. ஒரு வருஷம் கழிச்சு ஊசிக்காரங்க 55.8, பிசியோக்காரங்க 37. ஊசியில்லாதவங்க ஜெயிச்சாங்க. இன்னொரு கூத்து கேளுங்க. 2024ல அதே இதழ்ல முட்டி வலியை நல்லாவே குறைச்ச ஊசி ஒண்ணு வந்துச்சு. செமாக்ளூடைடு. குண்டா இருக்கறவங்களுக்கு உடல் எடையைக் குறைக்கப் போடறது. அதை முட்டியில போடறதே இல்லை, வயித்துலயோ தொடையிலயோதான்! எடை சராசரியா 13.7% குறைஞ்சுது, கூடவே முட்டி வலியும் இறங்குச்சு. எங்கம்மா எடைக்கு அது பொருந்தாது, விலையும் நமக்குத் தோதுப்படாது, அது வேற விஷயம். ஆனா முட்டிக்குள்ள என்ன ஊத்தறோங்கறதை விட, முட்டி மேல என்ன சுமை இருக்கு, அதைத் தாங்கற தசை எப்படி இருக்குங்கறதுதான் கதைன்னு புரியுதா?

ஆனா பிசியோதெரபிக்கு மெனு அட்டை கிடையாது. அந்த ஆஸ்பத்திரியில "எக்சர்சைஸ் சொல்லித் தருவீங்களா"ன்னு கேட்டேன். ஒரு ஜெராக்ஸ் பேப்பர் குடுத்தாங்க. பாதி எழுத்து விழவே இல்லை.

நாமளும் லேசுப்பட்டவங்க இல்லை. சென்னையிலயும் பெங்களூர்லயும் நியூஜெர்சியிலயும் உட்கார்ந்துக்கிட்டு, அம்மாவுக்கு எழுபத்திரெண்டாயிரம் அனுப்பறது நமக்கு சுலபம். நம்மகிட்ட இருக்கறது அது, இல்லாதது தினமும் அரைமணி நேரம். அந்த அட்டையை அச்சடிச்சவனுக்கு எங்கம்மா முட்டியைப் பத்தித் தெரியாது. என்னைப் பத்தி நல்லாத் தெரியும். அந்த ஊசி அம்மா முட்டிக்குக் கண்டுபிடிச்சதில்லை. என் மனசாட்சிக்குக் கண்டுபிடிச்சது.

ஊசி போடலை. மூணு விஷயம் பண்ணினோம். அரசு மருத்துவமனையில பிசியோதெரபி பிரிவுல காட்டினோம். வரிசையில உட்கார வேண்டியிருந்துச்சு, ஆனா அந்த அக்கா அம்மா தொடையைத் தொட்டுப் பார்த்து, "டீச்சர், இங்க சதையே இல்லியே, முட்டி என்ன பண்ணும்?"னு கேட்டாங்க. எக்ஸ்ரேயைத் தாண்டி அம்மாவோட காலை ஒருத்தர் தொட்டுப் பார்த்தது அன்னைக்குத்தான். முட்டிக்குக் கீழ துண்டைச் சுருட்டி வச்சு அமுக்கறது, காலை நீட்டித் தூக்கறது, கையை ஊணாம நாற்காலியிலேர்ந்து எந்திரிச்சு உட்கார்றது. செலவு, ஆட்டோ.

ரெண்டாவது, ஹெச்.எம்.கிட்ட பேசி வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாத்தினது. அம்மா இதைக் கேட்கவே மாட்டேன்னாங்க. "சலுகை கேக்கான்னு பேசுவாங்கய்யா." எழுபத்திரெண்டாயிரம் செலவு பண்ணத் தயாரா இருந்தவங்க, ஒரு வாய் வார்த்தைக்குத் தயங்கினாங்க. கடைசியில கேட்டாங்க. ஹெச்.எம். ஒரே நிமிஷத்துல சரின்னுட்டார்.

மூணாவது, ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கால். நானும் இங்க நாற்காலி போட்டு கூடவே எந்திரிச்சு உட்கார்றேன். முதல் வாரம் அம்மா அஞ்சு தடவைக்கு மேல முடியலைன்னாங்க, நான் பதினஞ்சுலயே மூச்சு வாங்கினேன். "என்னல, கெழவன் மாதிரி இழுக்க?"ன்னு சிரிக்காங்க. மூணு மாசமாச்சு. வலி போயிடுச்சான்னா, போகலை. குளிர்ல இன்னும் படுத்துது. ஆனா படியில நேரா இறங்குறாங்க, சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான். எங்க கணக்கு ஒரே ஒரு ஆள், ஒப்பிட்டுப் பார்க்க உப்புத்தண்ணி கோஷ்டி கிடையாது, அதனால இதையும் நிரூபணம்னு எடுத்துக்காதீங்க :-)

அந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து போன வாரம் கூட போன். பொங்கல் ஆஃபராம், ரெண்டு காலுக்கும் சேர்த்துப் போட்டா பதினஞ்சு சதவீதம் தள்ளுபடி. அம்மாதான் எடுத்திருக்காங்க. "உப்புத்தண்ணிய விட எவ்ளோ நல்லாருக்கும்னு கேட்டேம்யா, வச்சிட்டான்"னாங்க.

மணி ஏழு அம்பது ஆச்சு. நாற்காலியை எடுத்துப் போடணும். மிச்சத்தை பின்னூட்டத்துல கும்முங்க, வந்து பார்க்கறேன்.